வைக்கோலும் உமிக்கரியும் சமையல் வாயுவும்

பெரும்போக அறுவடை முடிந்ததும் தம்பலகாமம், கந்தளாய், கிண்ணியா, மூதூர் பக்க வயல்வெளிகளில் புகை எழுவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். வெட்டு மெசின் விட்டுச் சென்ற வைக்கோலைக் கூலி கொடுத்து அள்ளினால் கட்டுப்படியாகாது. அடுத்த போகத்துக்கு நிலத்தையும் பண்படுத்த வேண்டும். ஆகவே தீ வைப்பதே இலகுவான வழியாகிவிட்டது. மறுபக்கம், 2022ஆம் ஆண்டில் வெற்றுச் சிலிண்டர்களை வீதியோரம் வரிசையாக வைத்துவிட்டு நம் குடும்பங்கள் காத்துக் கிடந்ததையும் மறந்திருக்க மாட்டோம். அடுப்புக்கு எரிபொருள் இல்லாமல் தவித்த அதே நாட்டில், எரிபொருளாகக் கூடிய பொருள் வயலிலே வீணாக எரிகிறது. உயர்தரத்தில் உயிரியல் கற்கும் எனக்கு இந்த முரண்பாடு பெரிய கேள்வியாக இருந்தது. விடை தேடியபோது, எங்கள் உம்மம்மாமார் பல் துலக்கிய உமிக்கரிக்கும் அதில் ஒரு பங்கு இருப்பதை அறிந்தேன். அதையே இங்கு விளக்க முயல்கிறேன்.

கிண்ணியாத் தயிர் நமக்குப் பெருமை. பால் தயிராவது நுண்ணங்கிகளின் வேலை என்பது நாம் அறிந்ததே. உயிர்வாயு உருவாவதும் அத்தகைய வேலைதான். ஒட்சிசன் புகாத தொட்டி ஒன்றில் சாணமும் தாவரக் கழிவும் நீரும் சேர்ந்தால், ஒரு கூட்டம் பற்றீரியாக்கள் பெரிய மூலக்கூறுகளை உடைக்கும். இன்னொரு கூட்டம் அவற்றை அமிலங்களாக்கும். இறுதியில் ஆர்க்கியா என்னும் நுண்ணங்கிகள் மெதேன் வாயுவைத் தரும். உயிர்வாயுவில் 50 தொடக்கம் 70 சதவீதம் வரை மெதேன். மீதி பெரும்பாலும் காபனீரொட்சைட்டு.

சாணத்தில் எளிதாக நடக்கும் இந்த வேலை வைக்கோலில் மந்தமாகிறது. இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. வைக்கோலின் செல்லுலோசை இலிக்னினும் சிலிக்காவும் கவசம்போல் மூடியிருப்பது முதலாவது. வைக்கோலில் காபன் மிக அதிகம், நைதரசன் மிகக் குறைவு என்பது இரண்டாவது. மூன்றாவதுதான் முக்கியமானது. அமிலம் உண்டாக்கும் பற்றீரியாக்கள் வேகமாகவும் மெதேன் தரும் ஆர்க்கியாக்கள் மெதுவாகவும் வேலை செய்வதால், இடையில் அமிலம் தேங்கித் தொட்டி புளித்துப்போகும். புளித்த தொட்டியில் வாயு நின்றுவிடும்.

முதலிரண்டு தடைகளுக்கும் வழி உண்டு. வைக்கோலைச் சிறிதாக நறுக்கலாம். மாட்டுச் சாணத்தைச் சேர்த்து நைதரசனைக் கூட்டலாம். ஜா-எல, ஏக்கலையில் உள்ள தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம், வைக்கோலைத் தொட்டியில் அடைத்துச் சாணம் கலந்து, பல மாதங்களுக்கு வாயு பெறும் உலர் முறையொன்றை நம் நாட்டுக்கென்றே உருவாக்கியது. எனவே வைக்கோலில் வாயு எடுப்பது புதிய கனவல்ல.

மூன்றாவது தடைக்குத்தான் கரி உதவுகிறது. ஒட்சிசன் மிகக் குறைந்த நிலையில் உமியையோ வைக்கோலையோ சூடாக்கினால் அது சாம்பலாகாமல் கரியாகிறது. இதனை உயிர்க்கரி என்பர். நெல்லின் நிறையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி என்பதால், நெல் ஆலைகள் உள்ள நம் ஊர்களில் மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை. கரித்துண்டு ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்துள்ளன. தொட்டிக்குள் அவை நுண்ணங்கிகள் ஒட்டி வாழும் வீடுகளாகின்றன. கரியில் கலந்திருக்கும் காரத்தன்மை, தேங்கும் அமிலத்தை ஓரளவு தணிக்கிறது.

இன்னொரு வியப்பான வேலையும் உண்டு. பற்றீரியாவிலிருந்து ஆர்க்கியாவுக்கு இலத்திரன்கள் செல்ல கரி ஒரு பாலமாகிறது. 2014இல் அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்துக் காட்டினார்கள். அவர்கள் பயன்படுத்திய உயிர்க்கரியின் மின்கடத்துதிறன், விலை கூடிய செயற்படுத்திய கரியைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு குறைவு. ஆயினும் இரண்டும் இந்த வேலையை ஒத்த அளவில் செய்தன.

இதனால் குடும்பத்துக்கு என்ன பயன்? ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ நெல்லுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ வைக்கோல். ஓர் ஏக்கரில் 1,500 கிலோ நெல் விளைந்தால் வைக்கோலும் அதேயளவு. ஒரு கிலோ வைக்கோலுக்கு 250 லீற்றர் வாயு என்று வைத்தால், மொத்தம் 375 கன மீற்றர். ஒரு கன மீற்றர் உயிர்வாயு ஏறத்தாழ 0.45 கிலோ சமையல் வாயுவுக்குச் சமன், எனவே 12.5 கிலோ சிலிண்டர் ஒன்றுக்கு 28 கன மீற்றர் வேண்டும். அப்படியானால் ஓர் ஏக்கர் வைக்கோலில் 13 சிலிண்டர்கள். கசிவு, அரைகுறைச் சிதைவு எனப் பாதியைக் கழித்தாலும் ஆறு மிஞ்சும்.

"வைக்கோலை எடுத்துவிட்டால் மண்ணுக்கு என்ன மிஞ்சும்?" என்று விவசாயம் செய்யும் வாப்பாமார் கேட்பது நியாயமே. ஒரு தொன் வைக்கோலில் 5 தொடக்கம் 8 கிலோ வரை நைதரசன் உண்டு. தீ வைத்தால் அதில் பெரும்பகுதி புகையோடு போய்விடும். தொட்டியிலோ வாயுவாக வெளியேறுவது பெரும்பாலும் காபனும் ஐதரசனும்தான். நைதரசனும் பொசுபரசும் பொற்றாசியமும் எஞ்சிய கூழில் தங்கிவிடும். கரியும் கலந்த அந்தக் கூழை வயலுக்கே திருப்பலாம். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டபோது நம் விவசாயிகள் பட்ட பாட்டை நினைத்தால் இதன் பெறுமதி விளங்கும்.

சில எச்சரிக்கைகளும் தேவை. கரி வேறு, வெள்ளைச் சாம்பல் வேறு; சாம்பலில் நுண்துளைக் காபன் இல்லை. கரி தானாக வாயு தராது. அளவு மிஞ்சினால் உற்பத்தி குறையவும் கூடும். மெதேன் தீப்பற்றும், உடன் வரும் ஐதரசன் சல்பைட்டு நச்சு வாயு. எனவே பயிற்சி பெற்றவர் இல்லாமல் வீட்டில் தொட்டி கட்டக் கூடாது.

ஆனால் சிறிய பரிசோதனையை ஆசிரியையின் மேற்பார்வையில் நம் ஆய்வுகூடத்திலேயே செய்யலாம். இரண்டு போத்தல்களில் ஒரே அளவு நறுக்கிய வைக்கோல், சாணம், நீர் இடுவோம். ஒன்றில் மட்டும் லீற்றருக்கு 10 கிராம் வீதம் பொடித்த உமிக்கரி சேர்ப்போம். வெளிவரும் வாயுவை நீர் நிரப்பிக் கவிழ்த்த அளவுசாடிகளில் சேர்த்து, ஒரு மாதம் நாள்தோறும் குறித்து வருவோம். எங்கள் ஊர் உமியும் எங்கள் ஊர் வைக்கோலும் என்ன சொல்கின்றன என்பதை அந்த அளவுகள் காட்டும். வீட்டுக்கு அருகில் நெல் ஆலை உள்ள தோழிகள் அடுத்த தவணைக்கு ஒரு பை உமி கொண்டு வந்தால் போதும், வேலையைத் தொடங்கிவிடலாம்.