இதணமும் பும்புனும்

குறிஞ்சித் திணைப் பாடல்களைக் கற்பிக்கும் தமிழாசிரியர் 'இதணம்' என்னும் சொல் வரும்போது சற்றே நின்று விளக்க வேண்டியவராகிறார். உரைநூல்கள் அதற்குப் 'பரண்' என்று பொருள் கூறி அப்பால் சென்றுவிடும். ஆனால் ரந்தாவ் வட்டாரத்தில் லின்சம், கொம்போக் முதலிய தோட்டப் பகுதிகளில் பயிலும் மாணவனுக்குப் பரண் என்றதும், வீட்டில் பழைய பானை சட்டிகளைப் போட்டு வைக்கும் மேல்தட்டுத்தான் நினைவுக்கு வரும். விலங்குகள் உலவும் காட்டில், நிலத்துக்கு மேலே உயரத்தில் அமர்ந்து, மனிதன் இரவெல்லாம் விழித்திருக்கும் இடம் என்ற பொருள் அவன் உள்ளத்தில் எழுவதில்லை. இதணத்தைக் கண்முன் காட்டக்கூடிய ஒன்று நம் மலேசியாவிலேயே இருக்கிறது. பகாங் காட்டிலுள்ள 'பும்புன்' என்பதே அது. இவ்விரண்டையும் ஒருசேர வைத்துக் காண்பது பாடலுக்கும் பயன்தரும், காட்டுக்கும் பயன்தரும்.

பழந்தமிழ்ப் பரண்

இதண், இதணம், கழுது, பணவை எனப் பரணுக்குப் பல பெயர்களை நம் முன்னோர் வழங்கினர். ஒரு பொருளுக்குப் பல சொற்கள் இருப்பது, அப்பொருள் வாழ்வில் பெற்றிருந்த இடத்தைக் காட்டும். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் தினைப்புனம் காக்க ஏறும் இதணம், புலியும் அஞ்சும்படி மரத்தின்மேல் கட்டப்பட்டது. அதன்மேல் இருந்து தழல், தட்டை, குளிர் என்னும் கருவிகளால் கிளியை ஓட்டுகின்றனர். இது பகற்காவல். வள்ளி பரண்மீது நின்று ஆலோலம் பாடியதாக நாம் கேட்டு வளர்ந்ததும் இவ்வகைக் காவலே.

இரவுக் காவல் ஆடவர்க்கு உரியது. அகநானூற்றின் 88ஆம் பாடலில் ஈழத்துப் பூதன்தேவனார் அதனை அழகுறக் காட்டுகிறார். முற்றிய தினையைத் தின்ன வரும் பன்றி, பக்கத்தில் ஒலிக்கும் பல்லியின் குரலை நிமித்தமாகக் கேட்டுப் பின்பே அடியெடுத்து வைக்கிறது. அது வரும் வழியை நோக்கிக் கானவன் கழுதின்மேல் நெடிய சுடர் விளக்கை ஏற்றி வைக்கிறான். பன்றிக்கு அச்சம் தர ஏற்றிய அவ்விளக்கே, இரவில் தலைவியை நாடி வரும் தலைவனுக்கு வழிகாட்டுகிறது!

102ஆம் பாடல் இன்னும் வியப்புக்குரியது. கழுதின்மேல் இருக்க வேண்டிய கானவன் மதுவுண்டு மயங்கிக் கிடக்கிறான். புனத்தில் யானை வந்து நிற்கிறது. அவ்வேளையில் கொடிச்சி தன் கூந்தலைக் கோதியவாறு குறிஞ்சிப்பண் பாடுகிறாள். யானை கதிரையும் கொள்ளாமல், நின்ற இடத்தைவிட்டுப் பெயராமல், அங்கேயே உறங்கிவிடுகிறது. அம்பும் தீப்பந்தமும் செய்ய வேண்டிய காவலைப் பாட்டு செய்துவிட்டது.

ஆயினும் பரண் என்றும் இனிமைக்கே உரியதாய் இருந்ததில்லை. மலைபடுகடாம், கழுதிலிருந்து எய்த அம்பால் மார்பில் புண்பட்டு வழியில் விழுந்து கிடக்கும் காட்டுப்பன்றியையும் காட்டுகிறது. காத்தலும் கொல்லுதலும் ஆகிய இரு தொழிலுக்கும் இடம் தந்தது பரண்.

மரத்தில் குடியிருந்தோர்

இது பழங்கதையாக முடிந்துவிடவில்லை. அகத்தியமலைப் பகுதியின் காணிக்காரர் யானைக்கு அஞ்சி மரத்தின்மேல் குடில் கட்டி, மூங்கில் ஏணி வைத்து ஏறி உறங்கினர். மலையாள நாட்டில் அத்தகைய குடிலுக்கு 'ஏறுமாடம்' என்று பெயர். தாளவாடி, தேன்கனிக்கோட்டை போன்ற காட்டோரப் பகுதிகளில் கேழ்வரகு விளையும் பருவத்தில் உழவர்கள் இன்றும் மரப்பரணில் இராக்காவல் இருக்கின்றனர். பொழுதுபோக்குக்காக அவர்கள் அங்கே ஏறுவதில்லை. விளைச்சல் போனால் அவ்வாண்டின் உணவே போய்விடும்.

வேட்டைப் பரண் காட்சிப் பரண் ஆனது

வடநாட்டார் பரணை 'மச்சான்' என்பர். நம் மச்சானுக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை! அந்த மச்சானில் அமர்ந்து ஆட்கொல்லி விலங்குகளைச் சுட்டு வீழ்த்தியவர் ஜிம் கார்பெட். 1926இல் ருத்ரபிரயாகைச் சிறுத்தையை ஒரு மாமரத்துப் பரணிலிருந்துதான் சுட்டார். அவரே முதுமையில் கென்யாவில் குடியேறி, 1952 பிப்ரவரி 5ஆம் நாள் இரவு வேறொரு மரவீட்டில் இருந்தார். 1932இல் பெரிய அத்திமரம் ஒன்றின்மேல் கட்டப்பட்ட 'டிரீடாப்ஸ்' என்னும் விடுதி அது. விலங்குகளைக் காண வந்திருந்த இளவரசி எலிசபெத்துக்கு அவர் உடனிருந்தார். அன்றிரவு இங்கிலாந்தின் சாண்ட்ரிங்ஹாம் மாளிகையில் மன்னர் ஆறாம் ஜார்ஜ் உறக்கத்திலேயே காலமானார். இளவரசியாக ஏறியவர் அரசியாக இறங்கினார் என உலகம் இன்றும் பேசுகிறது. நாம் கருத வேண்டியது மற்றொன்று: கொல்வதற்காகப் பரண் ஏறிய ஒருவர், காண்பதற்காக அங்கே ஏறியவர்களுக்குத் துணையானார்.

நம் நாட்டிலும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்தது. தியோடோர் ஹப்பேக் என்பவர் யானை, செலாடாங் என்னும் காட்டெருது ஆகியவற்றை வேட்டையாடியது பற்றி 1905இல் நூல் எழுதியவர். அவரே பின்னர் அவ்விலங்குகளுக்காக வாதாடத் தொடங்கினார். அம்முயற்சியின் பயனாக 1938-39ஆம் ஆண்டுகளில் பகாங், திரெங்கானு, கிளந்தான் ஆகிய மூன்று மாநிலங்களையும் தழுவி 4,343 சதுரக் கிலோமீட்டர் காடு காக்கப்பட்டது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயர் தாங்கிய அக்காடே, விடுதலைக்குப் பின் 'தாமான் நெகாரா' எனப் பெயர் பெற்றது.

பும்புனில் ஓர் இரவு

பும்புன் என்னும் மலாய்ச் சொல் மறைந்திருந்து பார்க்கும் இடத்தைக் குறிக்கும். தாமான் நெகாராவில் உயர்ந்த கால்களின்மேல் கட்டப்பட்ட மரக்குடில்கள் இப்பெயரால் வழங்குகின்றன. அவற்றுள் பும்புன் கும்பாங் இரவு தங்குவதற்கு ஏற்றது. பலகைப் படுக்கைகளும், காட்டை நோக்கிய நீண்ட திறப்பும் உண்டு. எதிரே 'ஜெனுட்' எனப்படும் உவர்நிலம். இலை, தழை உண்ணும் விலங்குகளுக்கு அவ்வுணவில் உப்புச்சத்து போதுமான அளவு கிடைப்பதில்லை. ஆகவே தாபிர், மான் முதலியன உவர்மண்ணையும் உவர்நீரையும் நாடி வருகின்றன. தினைப்புனம் பன்றியை ஈர்த்ததுபோல் ஜெனுட் இவற்றை ஈர்க்கிறது.

தங்குவோர் உணவு, நீர், போர்வை ஆகியவற்றைத் தாமே கொண்டு செல்ல வேண்டும். நடைவழியில் அட்டைக்கடி உறுதி. சோற்றுப் பொட்டலத்தைத் திறந்து வைத்தால் எலிகளுக்கு விருந்தாகும். பொழுது சாய்ந்ததும் சில்வண்டுகளின் இரைச்சல் காட்டை நிறைக்கும். பேச்சும் புகையும் கூடா. முறைவைத்து ஒருவர் விழித்திருப்பர்; ஏதேனும் சலசலத்தால் மட்டும் கைவிளக்கைச் சிறுபொழுது காட்டுவர். எத்தனையோ இரவுகளில் ஒன்றும் வராது. வராத இரவிலும் பரணில் இருந்தவனுக்கு ஒன்று விளங்கும்: கானவனின் காவல் எத்துணைப் பெரிய பொறுமை என்பது.

அன்று விளக்கேற்றி விலங்கை விலக்கினர். இன்று விளக்கணைத்து விலங்குக்குக் காத்திருக்கின்றனர். பயிரைக் காக்க விலங்கை அஞ்சிய காலம் போய், விலங்கையே காக்க வேண்டிய காலம் வந்துள்ளது. சுமத்திராக் காண்டாமிருகம் 2019இல் இந்நாட்டில் அற்றுப்போயிற்று. நம் காடுகளில் எஞ்சியுள்ள புலிகள் 150க்கும் குறைவு என 2022இல் அறிவிக்கப்பட்டது.

புலியற்ற நாட்டில், புலி அஞ்சும் இதணத்தை மாணவனுக்கு எவ்வாறு விளக்குவது? உரைநூல் சொல்லுக்குப் பொருள் தரலாம். அச்சொல்லில் உறைந்த அச்சத்தையும் வியப்பையும் காடுதான் தர இயலும். பள்ளிச் சுற்றுலாவுக்கு இடம் தேடும் ஆசிரியர்கள் கோலா தஹானை நினைவில் கொள்க. இரவு தங்க இயலாவிடினும், பகலில் ஒரு பும்புனின் படியேறி, அங்கிருந்து குறிஞ்சிப்பாட்டைப் படித்துக் காட்டுக. இதணம் அதன்பின் அகராதிச் சொல்லாக இராது.