புள்ளிராஜாவும் நாலு விக்ஸ் மிட்டாயும்

2003-ல் நான் அபிராமத்தில் அரை டிராயர் பையன். பேப்பரைப் பிரித்தால், டி.வி.யைப் போட்டால் ஒரே கேள்வி: 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' புதுப்பட விளம்பரம் என்றே நினைத்தேன். "யாரு மாமா ஹீரோ?" என்று கேட்டு, முதுகில் ஒன்று வாங்கினேன். எங்கள் வகுப்பு ராஜா பாடு அதைவிட மோசம். அட்டெண்டன்ஸ் எடுத்தாலே சிரிப்பு!

மும்பையில் இதே ஆசாமிக்குப் பெயர் பல்பீர் பாஷா. சினிமா பாணியில் சஸ்பென்ஸ் வைத்ததால், டீக்கடையில்கூட அந்த வியாதியின் பெயரை வாய்விட்டுச் சொன்னார்கள். கேள்வி ஊருக்கே மனப்பாடம். பதில்?

பி.காம். முடித்துச் சென்னைக்கு வந்த புதிதில், ரூம்மேட் ஒருவன் ஆணுறை வாங்க மெடிக்கல் ஷாப் போனான். கவுன்ட்டரில் ஒரு பெண். நாலு விக்ஸ் மிட்டாயோடு திரும்பினான். "கூச்சமா இருந்துச்சுடா!"

விஷயம் மிட்டாயோடு நிற்கவில்லை. அப்புறம் மூன்று மாதம் பயல் தூங்கவேயில்லை. கடைசியில் அரசு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை. காசும் கேட்கவில்லை, கேலியும் செய்யவில்லை. 'இல்லை' என்று ரிசல்ட் வந்ததும் என் தோளில் சாய்ந்து அழுதான்.

புள்ளிராஜாவுக்கு வருமா? ஆணுறை இல்லாமல் போனால் வரலாம். அது ஆள் பார்த்து வருவதில்லை. வந்துவிட்டாலும் மருந்து உண்டு. 2004-ல் தொடங்கி அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகவே தருகிறார்கள். சந்தேகமா? 1097-க்குப் போன் போடுங்கள், கட்டணம் கிடையாது.

கடையில் கூச்சம் அரை நிமிஷம். தூக்கம் போனது மூன்று மாதம். பி.காம். படித்தவன் சொல்கிறேன், கணக்கு உதைக்கிறது சார்!