அண்ணனின் தகரப் பெட்டி

உங்கள் வீட்டுச் சுவரில் மாலை போட்ட படம் ஒன்று தொங்குகிறதா? அந்தப் படத்தில் இருப்பவர் சீருடை அணிந்தவரா? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான்.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு படம் உண்டு. வெள்ளைச் சீருடை, வட்டத் தொப்பி, லேசான சிரிப்பு. அவர் என் அண்ணன். பன்னிரண்டு ஆண்டுகள் கடற்படையில் இருந்தவர். அவருடைய முதல் திவசத்தன்று பேரன் அந்தப் படத்தைக் காட்டி, "சின்னத் தாத்தா, தாத்தா எந்தக் கப்பல்லே வேலை பார்த்தாரு?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரே லயத்தில், ஒரே பாயில் படுத்து வளர்ந்த தம்பி நான். எனக்கே தெரியவில்லை!

நாங்கள் பங்சார் தோட்டத்துப் பிள்ளைகள். இன்று பங்சார் என்றால் மாடி வீடுகளும் உணவுக் கடைகளும்தான் நினைவுக்கு வரும். அன்று அது பால்மரக் காடு. புங்கே, கிரிசார் என்ற இரண்டு ஐரோப்பியரின் பெயர்கள் சேர்ந்துதான் 'பங்சார்' ஆயிற்று என்பார்கள். விடியற்காலைப் பெரட்டு, மரம் வெட்டு, பால் நிறுவை என்பதே எங்கள் பெற்றோரின் உலகம். அண்ணன் பார்த்த பெரிய தண்ணீர் கிள்ளான் ஆறு ஒன்றுதான்.

அவர் 1962-இல் கடற்படையில் சேரப் போகிறேன் என்றதும் அம்மா அழுது தீர்த்தார். "நம்ம பரம்பரை ஒரு தடவை கடலைத் தாண்டி வந்தது போதாதாடா?" என்று கேட்டார். அண்ணன் கேட்கவில்லை. நம் கடற்படையின் தளம் அப்போது சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் இருந்தது. ஒரு தகரப் பெட்டியோடு பயிற்சிக்கு ரயிலேறினார்.

மறு ஆண்டே இந்தோனேசியாவுடன் மோதல் மூண்டது. மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 1964 ஆகஸ்டு 17-இல் இந்தோனேசியப் படையினர் கடல் வழியாக ஜொகூர் பொந்தியான் கரையில் இறங்கினார்கள். செப்டம்பர் 2-இல் லாபிஸ் பக்கம் வானிலிருந்து குதித்தார்கள். தோட்டத்து மக்கள் அந்நாளில் இருட்டினால் வெளியே போக அஞ்சினார்கள். 1966 ஆகஸ்டில் சமாதானம் ஆகும்வரை நம் சிறு ரோந்துப் படகுகள் கடலில் காவல் காத்தன. அண்ணன் அப்படி ஒரு படகில்தான் இருந்தார்.

அந்த 1964 தீபாவளிக்கு அவர் வரவில்லை. அம்மா அவர் பங்கு முறுக்கைப் பால்மாவு டின்னில் போட்டு மூடி வைத்தார். மூன்று வாரம் கழித்து வந்தார். முறுக்கில் காறல் வாடை அடித்தது. ஒன்று விடாமல் தின்றார். "உங்களுக்குக் காலையிலே ஒரு பெரட்டு. எங்களுக்கு ராத்திரி முழுக்கப் பெரட்டு" என்று சிரித்தார். அதோடு சரி. நாங்களும் மேலே கேட்கவில்லை.

ஒரே ஒரு முறை அவர் பெருமையாகப் பேசிக் கேட்டிருக்கிறேன். 1967 டிசம்பரில் கே. தனபாலசிங்கம் கடற்படைத் தலைவர் ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் மலேசியர் அவர். வயது 31தான். கோலாலம்பூர் விக்டோரியா பள்ளியில் படித்தவர். 1976 வரை அவரே தலைவர். "வெள்ளைக்காரன் உட்கார்ந்த நாற்காலியிலே நம்ம ஆளு!" என்று அண்ணன் லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

1974-இல் கடற்படையை விட்டு வந்து ஒரு பட்டறையில் மெக்கானிக்காகச் சேர்ந்தார். பிறகு கல்யாணம், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று காலம் ஓடிவிட்டது. கடலைப் பற்றி அவர் வாய் திறந்ததே இல்லை. அவர் அதிகம் பேசாத மனிதர் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

பேரன் கேட்ட அன்று மாலை அண்ணியிடம் சொல்லி அந்தத் தகரப் பெட்டியைத் திறந்தேன். மேலே சேவைப் பத்திரங்கள். பழைய நாளிதழில் சுற்றிய பதக்கங்கள். படகின் மேல்தட்டில் தோழர்களோடு நிற்கும் ஒரு படம். அடியில் ஒரு கட்டுக் கடிதங்கள். எல்லாம் நான் எழுதியவை! அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல, பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்த நான் எழுதிய கடிதங்கள். அத்தனையையும் அண்ணன் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்.

உட்கார்ந்து படித்தேன். பணம் வந்தது, இன்னும் கொஞ்சம் அனுப்பு; கோயில் திருவிழாவுக்கு வா; தம்பிக்குச் சப்பாத்து வேண்டும். கடிதத்துக்குக் கடிதம் இதேதான். 'அண்ணே, கடல் எப்படி இருக்கிறது? இரவில் பயமாக இல்லையா?' என்று ஒரு வரி கூட இல்லை. அவர் பேசாதவர் இல்லை, வாசகர்களே. நாங்கள்தான் கேட்காதவர்கள்.

பத்திரத்தில் இருந்த படகின் பெயரைப் பேரனுக்கு எழுதிக் கொடுத்தேன். பிறகு அவனை மலாக்காவுக்கு அழைத்துப் போனேன். அங்குள்ள கடற்படை அருங்காட்சியகத்தில் 'ஸ்ரீ திரெங்கானு' என்ற ரோந்துப் படகைக் கரையேற்றி வைத்திருந்தார்கள். அண்ணன் இருந்ததும் அதே வகைதான். நீளம் 103 அடி. எங்கள் லயமே அதைவிட நீளம்! "இவ்வளவு சின்னப் படகிலேயா?" என்றான் பேரன். எனக்குத் தொண்டை அடைத்தது.

உங்களுக்குச் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். உங்கள் குடும்பத்தில் படையில் இருந்தவர் உயிரோடு இருந்தால், இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எந்த ஆண்டு சேர்ந்தார், எங்கே பயிற்சி, எந்தக் கப்பல், யார் கூட்டாளிகள் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். பழைய படங்களில் நிற்பவர்களின் பெயர்களைப் பின்புறம் பென்சிலால் குறியுங்கள். அவர் மறைந்திருந்தால் கூட்டாளிகளைத் தேடிப் போய்க் கேளுங்கள். அவர்களுக்கும் வயதாகிறது.

சேவைப் பத்திரங்களைப் பழைய தாளோடு தாளாக எறிந்துவிடாதீர்கள். முன்னாள் படைவீரர் நலனைக் கவனிக்க அரசாங்கத்தில் தனி இலாகா உண்டு. விதவைக்கோ பிள்ளைகளுக்கோ உதவி கிடைக்குமா என்று விசாரிக்கப் போனால் அந்தத் தாள்கள் கையில் இருக்க வேண்டும்.

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 31 நம் நாட்டில் வீரர்கள் தினம். அன்று நாங்கள் அண்ணன் படத்துக்கு முன் விளக்கேற்றுகிறோம். ஒரு தட்டில் முறுக்கு வைக்கிறோம். விளக்கேற்றிய பிறகு அவருடைய படகின் பெயரைப் பேரன்தான் உரக்கச் சொல்வான்.