களையில் இத்தனை கதையா?! விஷம் தெளிக்காமலே விரட்டலாம், தெரியுமா?

தோட்டத்தில் களை மண்டினால் கை உடனே களைக்கொல்லி டப்பாவைத் தேடுகிறதா? கொஞ்சம் பொறுங்கள்! மண்ணையும் மண்புழுவையும் நோகடிக்காமல் களையை ஒழிக்க எத்தனை அதிசய வழிகள் இருக்கின்றன, தெரியுமா?

142 வருடத் தூக்கம்!

களை விதை எத்தனை வருடம் உயிரோடு இருக்கும்? ஒன்று? பத்து? 1879-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் பீல் என்ற பேராசிரியர் 20 பாட்டில்களில் மணலோடு விதைகளைக் கலந்து புதைத்து வைத்தார். 21 வகை, வகைக்கு 50 விதை! ஒரு பாட்டிலை 2021-இல் தோண்டி எடுத்து விதைத்தார்கள். 142 வருடம் கழித்துச் சில விதைகள் முளைத்தே விட்டன! கடைசி பாட்டிலை எடுப்பது எப்போது தெரியுமா? 2100-இல்!

ஒரு நொடி வெளிச்சம் போதும்!

2021-இல் அந்தப் பாட்டிலை நள்ளிருட்டில்தான் தோண்டினார்கள். ஏன் தெரியுமா? பல களை விதைகள் கண நேரம் வெளிச்சம் பட்டாலே விழித்துக்கொள்ளும்! நாம் மண்ணைக் கொத்திப் புரட்டும்போது நடப்பதும் அதுதான்! வைக்கோல், சருகு, தென்னை மட்டை என்று எதையாவது போட்டு மூடாக்கு அமைத்துப் பாருங்கள். இருட்டிலேயே பாதிக் களை அடங்கிவிடும்!

உலகத்தின் மிக மோசமான களை எது?

நம் வீட்டுக் கோரைதான்! 90-க்கும் மேற்பட்ட நாடுகளில் விவசாயிகளைப் படுத்தி எடுக்கிறது. மேலே பிடுங்கினால் என்ன ஆகும்? மண்ணுக்கடியில் கிழங்குச் சங்கிலி அறுந்து, தூங்கிக்கொண்டிருந்த கிழங்குகளும் முளைக்கத் தொடங்கும்! ஆனால் இந்த வில்லனுக்கு நிழல் ஆகாது! பூசணியையோ சர்க்கரைவள்ளியையோ படரவிட்டால் சோர்ந்து போகும். தோண்டி எடுத்த கிழங்கைச் சித்த வைத்தியர்கள் மருந்தாக்குகிறார்கள் என்பது தெரியுமா?

நிறமற்றதா, கறுப்பா?

வெயிலை வைத்தே களையை வேகவைக்கலாம், தெரியுமா? சித்திரை வெயிலில் மண்ணை நனைத்து, பாலிதீன் விரிப்பால் இறுக மூடி 4 முதல் 6 வாரம் விட்டுவிடுங்கள். மேல்மண் 50 டிகிரியைத் தொடக்கூடும்! எந்த நிற விரிப்பு நல்லது? கறுப்பு என்றுதானே நினைத்தீர்கள்? இல்லை! கண்ணாடி போல ஒளி ஊடுருவும் நிறமற்ற விரிப்புதான் மண்ணை அதிகம் சூடாக்கும்!

தவறாக வந்த பூச்சி, சரியாகச் செய்த வேலை!

1795-இல் சிவப்புச் சாயம் எடுப்பதற்காகப் பிரேசிலிலிருந்து ஒரு பூச்சியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். வந்ததோ வேறு இனம்! சாயம் தேறவில்லை. ஆனால் அது என்ன செய்தது தெரியுமா? ஒரு வகைச் சப்பாத்திக்கள்ளியை உறிஞ்சியே ஒழித்தது! 19-ஆம் நூற்றாண்டில் அதே பூச்சியைத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வேண்டுமென்றே விட்டார்கள். பூச்சியை ஏவிக் களையை அடக்கியதில் உலகின் முதல் வெற்றி இதுதான்!

புழுவுக்கு ஒரு மண்டபம்!

ஆஸ்திரேலியாவில் சப்பாத்திக்கள்ளி பரவிய பரப்பு எவ்வளவு? சுமார் 2.4 கோடி ஹெக்டேர்! கிட்டத்தட்ட இரண்டு தமிழ்நாடு! அர்ஜென்டினாவிலிருந்து 1925-இல் ஓர் அந்துப்பூச்சியின் முட்டைகள் வந்தன. அதன் புழுக்கள் சில ஆண்டுகளிலேயே கள்ளிக்காட்டைத் தின்று தீர்த்தன! நன்றிக்கடனாகக் குயின்ஸ்லாந்தின் பூனார்கா என்ற ஊரில் 1936-இல் அந்தப் பூச்சியின் பெயரிலேயே மண்டபம் கட்டினார்கள். நம்ப முடிகிறதா?!

பார்த்தீனியத்துக்கும் எமன் உண்டு!

ஒரே செடி 15,000 விதைக்கு மேல் கொட்டும், தெரியுமா? தோல் அரிப்பு, ஆஸ்துமா எல்லாம் இலவச இணைப்பு! 1950-களில் புனே பக்கம் தென்பட்ட செடி இன்று நாடெங்கும்! இதைத் தின்பதற்கென்றே மெக்சிகோவிலிருந்து ஒரு வண்டை வரவழைத்து 1984-இல் பெங்களூரில் விட்டார்கள். உங்கள் வீட்டில் ஒன்றிரண்டு செடிதானா? வண்டு வேண்டாம்! கையுறை போட்டுக்கொண்டு, பூக்கும் முன்பே வேரோடு பிடுங்குங்கள்!

கூகுளில் ஆடுகளுக்கு வேலை!

2009-இல் கலிபோர்னியாவில் கூகுள் நிறுவனம் தன் வளாகத்துப் புல்லையும் புதரையும் வெட்ட யாரைக் கூப்பிட்டது தெரியுமா? சுமார் 200 ஆடுகளை! இயந்திரச் சத்தம் இல்லை, புகை இல்லை, எரு இலவசம்!

களையிலிருந்து யானை!

அழகுச் செடியாக வந்து காட்டையே வளைத்த உண்ணிச்செடியை என்ன செய்வது? நீலகிரியின் கூடலூர்ப் பகுதிப் பழங்குடிக் கலைஞர்கள் அதன் தண்டில் நிஜ அளவு யானைகளை முடைந்தார்கள்! 2021-இல் அவை லண்டன் பூங்காக்களில் நின்றன. 2024-இல் 100 யானைகள் அமெரிக்காவுக்கே புறப்பட்டுவிட்டன!

கொதிநீர் போதும், உப்பு வேண்டாம்!

நடைபாதைக் கல் இடுக்கில் முளைத்த களைக்குக் கொதிக்கும் தண்ணீரே ஆயுதம், தெரியுமா? ஊற்றினால் இலை வெந்து சுருண்டுவிடும்! ஆழமாக வேர் விட்டதென்றால் திரும்பத் திரும்ப ஊற்றுங்கள். கூட உப்பையும் போட்டால் என்ன என்று தோன்றுகிறதா? வேண்டவே வேண்டாம்! உப்பேறிய மண்ணில் களையும் வராது, கத்தரியும் வராது!

பிடுங்கியதைக் குழம்பில் போடுங்கள்!

ஒரு செடி 2 லட்சத்துக்கும் அதிகமான விதைகளைத் தரக்கூடிய களை எது தெரியுமா? பருப்புக்கீரை! உலகத்தையே தொல்லை செய்யும் இந்தக் களையில், மீனுக்குப் பேர்போன ஒமேகா-3 கொழுப்பும் இருக்கிறது! மருந்து தெளிக்காத தோட்டம்தானே? கீரையை நன்றாக அடையாளம் தெரியும்தானே? அப்புறம் என்ன, மழை பெய்து மண் இளகியதும் களைக்கொத்தியோடு இறங்குங்கள். விதை விழும் முன்பே பறித்துப் பருப்போடு சேர்த்துக் கடைந்துவிடுங்கள்!