ஒரே இன்ஜின், நாலு சட்டை: மாடல் ரயிலுக்கு வரலாற்று நிறம் பூசுவது எப்படி?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் உள்ளங்கையில அடங்குற ஒரு ரயில் இன்ஜினைப் பத்தி. அதுக்குப் பச்சை பெயிண்ட் அடிச்சு, ஓரத்துல முடி மாதிரி ஒரு வெள்ளைக் கோடு போடணும். கேக்க சிம்பிளா இருக்கும். ஆனா எந்தப் பச்சை, எந்த வருஷத்துப் பச்சை, கோடு எத்தனை மில்லிமீட்டர்னு கேட்க ஆரம்பிச்சா, வரலாறு, ஒளியியல், வேதியியல் மூணும் வரிசையா வந்து உக்காரும். இந்தப் பொழுதுபோக்கு பிரிட்டன்ல ரொம்ப ஆழமா வளர்ந்தது. அதனால உதாரணங்களும் அங்கிருந்தே எடுக்கிறேன்.

லிவரின்னா என்ன?

பிரபுக்கள் வீட்டு வேலையாட்கள் போட்டுக்கிட்ட சீருடைக்குத்தான் முதல்ல 'லிவரி'ன்னு பேர். உடையைப் பாத்தாலே யார் வீட்டு ஆள்னு தெரிஞ்சிடும். ரயில் கம்பெனிகளும் அதையேதான் பண்ணாங்க. மிட்லண்ட் ரயில்வேன்னா அடர் சிவப்பு, கிரேட் வெஸ்டர்ன்னா பச்சை இன்ஜின், சாக்லேட்-க்ரீம் பெட்டிகள்.

இந்த நிறங்கள் அப்படியே நிக்கல. 1923-ல நூத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளை நாலு பெரிய கம்பெனிகளா இணைச்சாங்க. 1948-ல அந்த நாலும் தேசியமயமாகி பிரிட்டிஷ் ரயில்வேஸ் ஆச்சு. ஒவ்வொரு தடவையும் நிறம், எழுத்து, எண், சின்னம் எல்லாம் மாறுச்சு. அதனால லிவரி ஒரு தேதி முத்திரை மாதிரி. தெரிஞ்சவங்க ஒரு மாடலைப் பாத்ததும் 'இது 1930-கள், இது 1950-கள்'னு சொல்லிடுவாங்க.

ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன் எந்த நிறம்?

உலகத்துல ரொம்பப் பிரபலமான நீராவி இன்ஜின்கள்ல ஒண்ணு ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன். யாரைக் கேட்டாலும் 'ஆப்பிள் பச்சை'ன்னுதான் சொல்வாங்க. கதை அவ்வளவு நேரா போகல.

1923-ல டான்காஸ்டர்ல கட்டி முடிச்சப்போ எண் 1472. அடுத்த வருஷம் எல்.என்.இ.ஆர். கம்பெனி அதுக்கு 4472-ன்னு எண் கொடுத்து, வெம்ப்ளி கண்காட்சியில நிறுத்துச்சு. அப்போ ஆப்பிள் பச்சை. இரண்டாம் உலகப் போர் சமயத்துல, 1943-ல, கறுப்பு அடிச்சாங்க. 1946-ல மட்டும் எண் ரெண்டு தடவை மாறுச்சு: முதல்ல 502, பிறகு 103. தேசியமயத்துக்கு அப்புறம் எண் 60103, 1950 வாக்கில் நீலம். 1952-ல பிரன்ஸ்விக் பச்சைன்னு ஒரு அடர் பச்சை. 1963-ல சேவையிலிருந்து விலகினப்போ ஆலன் பெக்லர்ங்கறவர் வாங்கி, மறுபடி ஆப்பிள் பச்சையும் 4472-ம் கொடுத்தார்.

ஆக நாலு நிறம், அஞ்சு எண். நிறத்தோட சேர்ந்து உடம்பும் மாறுச்சு. 1961-ல புகைபோக்கிக்கு ரெண்டு பக்கமும் புகை விலக்கித் தகடுகள் வந்துச்சு. இப்போ நீங்க மாடல்ல அந்தத் தகடுகளை வெச்சுட்டு ஆப்பிள் பச்சை அடிச்சு, இது 1930-கள்னு சொன்னா, அப்படி ஒரு இன்ஜின் அந்தக் காலத்துல தண்டவாளத்துல ஓடவே இல்ல. எண் எழுதுற இடம்கூட மாறியிருக்கு. 1920-கள்ல அது பின்னாடி நிலக்கரி வண்டியில, அதாவது டெண்டர்ல இருந்துச்சு. அந்தப் பத்தாண்டு முடியுறதுக்குள்ள ஓட்டுநர் அறையோட பக்கவாட்டுக்கு வந்துடுச்சு.

அதனால இந்த ஹாபியில முதல் வேலை பிரஷ் எடுக்கறது இல்ல. ஒரு வருஷத்தைத் தேர்ந்தெடுக்கறது. வருஷம் முடிவாச்சுன்னா நிறம், எண், உதிரி பாகம் எல்லாம் தானா வரிசையில வந்துடும்.

பழைய போட்டோ ஏன் ஏமாத்துது?

சரி, வருஷம் தெரியும். நிறத்தை எங்கிருந்து எடுக்கறது? போட்டோவிலிருந்து எடுக்கலாம்னு தோணும். ஆனா பத்தொன்பதாம் நூற்றாண்டு போட்டோத் தகடுகளுக்கு நீல ஒளிதான் நல்லாத் தெரியும், சிவப்பு கிட்டத்தட்டத் தெரியவே தெரியாது. அதனால மிட்லண்ட் ரயில்வேயோட அழகான கிரிம்சன் லேக் சிவப்பு, போட்டோவுல கறுப்பு மாதிரி விழும். வெளிர் நீலம் வெள்ளையாட்டம் தெரியும். இன்னொரு குழப்பம்: புது இன்ஜினைத் தொழிற்சாலையில போட்டோ எடுக்கறதுக்குன்னே சாம்பல் நிறம் அடிப்பாங்க, விவரங்கள் தெளிவா விழணும்னு. அதைப் பாத்து 'இந்த இன்ஜின் சாம்பல்ல ஓடுச்சு'ன்னு நினைச்சா போச்சு.

எழுத்து ஆதாரமும் முழுசா நம்ப முடியாது. லண்டன்-பிரைட்டன் ரயில்வேயில வில்லியம் ஸ்ட்ரவுட்லி தன் இன்ஜின்களுக்குக் கொடுத்த நிறத்துக்குப் பேர் 'மேம்படுத்தப்பட்ட இன்ஜின் பச்சை'. யார்க் ரயில்வே மியூசியத்துல அவரோட 1882 இன்ஜின் 'கிளாட்ஸ்டன்' நிக்குது. போய்ப் பாத்தா, அது மஞ்சள்! கடுகு மாதிரி பொன் மஞ்சள். பேரை மட்டும் படிச்சுட்டு பெயிண்ட் வாங்கினா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க.

அப்போ எதை நம்பறது? கம்பெனியோட பெயிண்டிங் விதிமுறைகள், பாதுகாக்கப்பட்ட வண்டிகள், பழைய பெட்டிகள்ல இருந்து சுரண்டி எடுத்த பெயிண்ட் அடுக்குகள். பிரிட்டன்ல பல பழைய பெட்டிகளைச் சக்கரத்தைக் கழட்டிட்டு வீடாவும் ஷெட்டாவும் வித்தாங்க. அந்தச் சுவர்ல அடுக்கடுக்கா இருக்கற பெயிண்ட், மரத்தோட வளையம் மாதிரி ஒரு ஆவணம். அதுலயும் வார்னிஷ் வயசாகி மஞ்சளாயிருக்கும், அதைக் கழிச்சுப் பாக்கணும். ஒரே ஆதாரத்தை நம்பாம, ரெண்டு மூணு ஒத்துப் போகுதான்னு பாக்கறதுதான் வழி.

அசல் பெயிண்ட் கிடைச்சாலும் பிரச்சினை

அசல் பெயிண்ட் டின்னே கையில கிடைச்சுதுன்னு வெச்சுக்குவோம். அதை மாடல்ல அடிச்சா நிறம் கொஞ்சம் அடர்த்தியா, பாரமாத் தெரியும். ஏன்னா, பிரிட்டிஷ் 'ஓஓ' அளவு 76.2-ல ஒரு பங்கு. ஒரு மீட்டர் தூரத்திலிருந்து மாடலைப் பாக்கறது, நிஜ இன்ஜினை 76 மீட்டர் தள்ளி நின்னு பாக்கறதுக்குச் சமம். அவ்வளவு தூரத்துல நடுவுல இருக்கற காத்தும் தூசியும் நிறத்தைக் கொஞ்சம் வெளுக்க வெச்சிடும். போதாக்குறைக்கு நிஜ இன்ஜின் வெயில்ல நிக்கும், மாடல் எல்.இ.டி. பல்புக்குக் கீழ நிக்கும்.

அதனால நிறைய பேர் துளி வெள்ளையோ சாம்பலோ கலந்து நிறத்தை லேசாக்குவாங்க. இதுக்கு எல்லாரும் ஒத்துக்கற ஃபார்முலா கிடையாது. உருப்படியான வழி, மாடலை எந்த விளக்குல வைக்கப் போறீங்களோ அதே விளக்குல சாம்பிளை வெச்சுப் பாத்து முடிவு பண்றது.

பெயிண்ட்: அடியிலிருந்து மேல

முதல்ல சுத்தம். பாத்திரம் கழுவுற லிக்விட் போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால தேச்சு, கழுவிக் காய வைக்கணும். விரல் எண்ணெய் பட்ட இடத்துல பெயிண்ட் பிடிக்காது. பித்தளை மாடலா இருந்தா உலோகத்தைக் கடிச்சுப் பிடிக்கற எட்ச் பிரைமர் வேணும். இதோட ஆவி மோசமானது. பெட்ரூம்ல வேண்டாம். மாஸ்க் போட்டு, காத்தோட்டமான இடத்துல பண்ணுங்க.

பிரைமரோட நிறமும் மேல தெரியும். கிரிம்சன் சிவப்புக்குக் கீழ சாம்பல் பிரைமர் இருந்தா சிவப்பு செத்த மாதிரி இருக்கும். செங்காவி பிரைமர் இருந்தா உள்ளிருந்து சூடு வந்த மாதிரி ஜொலிக்கும்.

அப்புறம் ஏர்பிரஷ். பெயிண்ட்டைப் பால் பதத்துக்குக் கரைச்சு, மெல்லிசா நாலஞ்சு கோட். ஒரே தடவையில தடிமனா அடிச்சா ரிவெட்டு, மூலை எல்லாம் மூழ்கிடும். கடைசி கோட் பளபளப்பா இருக்கணும். இது அழகுக்காக இல்ல. மேட் பரப்பு நுண்ணளவுல சொரசொரப்பு. அதுமேல கோடு போட்டா, மோசமான பேப்பர்ல இங்க் பரவுற மாதிரி ஓரம் கசியும். முடிச்சதும் சில நாள் தொடாம விட்டுடுங்க.

லைனிங்: கை நடுங்குற கட்டம்

நிஜ இன்ஜின்ல கால் அங்குலக் கோடு ஒண்ணு இருக்குன்னா, 'ஓஓ' அளவுல அது 0.083 மில்லிமீட்டர். உங்க தலைமுடியோட தடிமன் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கையால போடற கோடு அதைவிடக் கொஞ்சம் தடிமனாத்தான் வரும். கண்ணுக்கு அது சரியாவே தெரியும்.

கருவி என்ன தெரியுமா? பழைய டிராயிங் இன்ஸ்ட்ருமென்ட் பாக்ஸ்ல ரெண்டு எஃகு நாக்கும் நடுவுல ஒரு திருகும் இருக்குமே, அந்த ரூலிங் பேனா. பிரிட்டன்ல 'போ பென்'னு சொல்வாங்க. திருகைத் திருப்பினா கோட்டோட அகலம் மாறும்.

இதை டின்ல முக்கக் கூடாது. பிரஷ்ஷால ரெண்டு நாக்குக்கும் நடுவுல ஒரு துளி பெயிண்ட் வைக்கணும். வெளிப்பக்கத்துல ஒட்டினதைத் துடைச்சுடணும். முதல்ல அதே பெயிண்ட் அடிச்ச ஒரு தகட்டுல நாலஞ்சு கோடு போட்டுப் பாருங்க. ஸ்கேல் மாடலோட பரப்புல ஒட்டாம, கீழ டேப் ஒட்டிக் கொஞ்சம் தூக்கி இருக்கணும். இல்லன்னா பெயிண்ட் ஸ்கேலுக்கு அடியில உறிஞ்சப்பட்டு மொத்தமும் நாசம். பேனாவை அழுத்தாம, ஒரே வேகத்துல இழுக்கணும். வளைவுக்கு காம்பஸ்ல மாட்டுற ரூலிங் பேனா, இல்லன்னா டெம்ப்ளேட்.

இப்போ இந்தத் துறையோட உண்மையான ட்ரிக். அடி நிறம் நல்லா இறுகின அக்ரிலிக் அல்லது செல்லுலோஸ், மேல கோடு எனாமல்னு வெச்சுக்கோங்க. எனாமலை வெள்ளை ஸ்பிரிட் கரைச்சிடும், ஆனா இறுகின அடிப் பூச்சை அது ஒண்ணும் பண்ணாது. கோடு கோணிடுச்சா? ஸ்பிரிட்ல நனைச்ச பிரஷ்ஷால துடைச்சுட்டு மறுபடி போடலாம். நம்ம ஊர் மொழியில சொன்னா, 'அன்டூ' பட்டன். பாதி காஞ்ச கோட்டை டூத்பிக்கால சீவி ஓரத்தை நேராக்கவும் முடியும். பத்துப் பேர்ல ஒருத்தருக்கு மட்டும் வர்ற கைவித்தைன்னு தோணுறது, அடுக்குகளை யோசிச்சு வெச்சா எல்லாருக்கும் கைக்கு எட்டும்.

பேனா வேண்டாம்னா டிரான்ஸ்ஃபர் இருக்கு. தண்ணியில ஊறவெச்சு நகர்த்தி ஒட்டுறது ஒரு வகை. ஹிஸ்டாரிக்கல் மாடல் ரயில்வே சொசைட்டி தர்ற 'பிரெஸ்ஃபிக்ஸ்' மாதிரி, அழுத்தி ஒட்டி பின் தாளை நனைச்சு எடுக்கறது இன்னொரு வகை. எழுத்துக்கும் எண்ணுக்கும் இதுதான் சரி. எல்லாம் முடிஞ்சதும் மேல வார்னிஷ்.

பெட்டிகள்: பொய்க்குள்ள ஒரு பொய்

எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது. பழைய ரயில் பெட்டிகள் மரத்துல செஞ்சது. பலகைகள் சேர்ற இடத்தை மூட மெல்லிய மரச் சட்டம் அடிப்பாங்க. அந்தச் சட்டத்துக்குக் கறுப்பு, ஓரத்துல பொன்னிறக் கோடு. அதாவது கோடு கட்டுமானத்தைப் பின்பற்றி வந்துச்சு. பிறகு எல்.எம்.எஸ். கம்பெனி இரும்புத் தகட்டுல வழவழப்பான பெட்டிகளைக் கட்டுச்சு. சட்டமே இல்ல. ஆனாலும் கொஞ்ச காலம் சட்டம் இருக்கற மாதிரியே கோடு வரைஞ்சாங்க!

எல்.என்.இ.ஆர். ஒரு படி மேல போச்சு. அவங்க பெட்டிகள் வார்னிஷ் அடிச்ச தேக்கு. இரும்புப் பெட்டி வந்தப்போ, பெயிண்டர்கள் இரும்பு மேல தேக்கோட ரேகைகளைக் கையால வரைஞ்சாங்க.

இப்போ மாடல்காரர் பிளாஸ்டிக் மேல தேக்கு வரையணும். வெளிர் ஆரஞ்சு-க்ரீம் அடி நிறம், அது காஞ்சதும் பர்ன்ட் சியென்னா ஆயில் கலரை மெல்லிசாப் பூசி, காய்ஞ்ச முரட்டு பிரஷ்ஷால இழுத்தா ரேகை விழும். பலகைக்குப் பலகை அடர்த்தி கொஞ்சம் மாறணும், ஏன்னா நிஜத்துல ஒவ்வொண்ணும் வேற மரம்.

எந்த உண்மையைப் பூசறது?

2016-ல ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன் பெரிய சீரமைப்பு முடிஞ்சு வந்தப்போ, மக்கள் மனசுல இருக்கற ஆப்பிள் பச்சையில வரல. பிரன்ஸ்விக் பச்சை, எண் 60103. காரணம், இன்ஜின்ல இப்ப இருக்கற இரட்டைப் புகைபோக்கியும் புகைத் தகடுகளும் 1960-களோட உடம்பு. அந்த உடம்புக்கு அந்தச் சட்டைதான் பொருந்தும். நிறைய பேருக்கு ஏமாற்றம். தாத்தா காட்டின படத்துல இருந்த இன்ஜின் இது இல்லையேன்னு.

ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. ஆனா நான் மியூசியம் பக்கம். பிடிச்ச நிறத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பூசினா, போர்க்காலக் கறுப்பும், ரெண்டே வருஷம் இருந்த நீலமும் நடக்கவே இல்லன்னு ஆயிடும். ஒரு மாடல் அந்த மறந்துபோன ரெண்டு வருஷத்தை மேசை மேல நிறுத்த முடியும். அதுக்காகத்தான் இந்த மனுஷங்க நிறத்துக்காக இவ்வளவு சண்டை போடறாங்க.

ஆரம்பிக்கணும்னா இன்ஜின்ல கை வைக்காதீங்க. உடைஞ்ச பழைய பிளாஸ்டிக் பெட்டி ஒண்ணு, ஒரு ரூலிங் பேனா, ஒரு மஞ்சள் எனாமல் டின் போதும். ஒரு வாரம் வெறும் நேர்கோடு மட்டும் போடுங்க. நல்லா வந்தா போட்டோ எடுத்து அனுப்புங்க. கோணலா வந்தா துடைச்சுட்டு மறுபடி போடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.