ஒரே நாளில் படிந்த 130 மீட்டர்

மெக்சிகோவில் விழுந்த விண்கல், பூமியின் மறுபக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த டைனோசரை எப்படிக் கொன்றது? வானொலியில் அறிவியல் துணுக்கு சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் கேள்வி இது. பெரியவர்கள் கேட்க மறந்துவிட்ட நல்ல கேள்வியும்கூட. அதற்கான விடை, அந்தக் கல் உண்டாக்கிய பள்ளத்தில் படிந்த வண்டலில் இருக்கிறது.

சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன், ஏறத்தாழ 10 கிலோமீட்டர் அகலமுள்ள விண்கல் ஒன்று இன்றைய யுகட்டான் தீபகற்பப் பகுதியில் விழுந்தது. அப்போது அங்கே ஆழமற்ற கடல். அதனால் உண்டான சிக்சுலுப் பள்ளத்தின் அகலம் சுமார் 180 கிலோமீட்டர். ஒரு கரை கோலாலம்பூர் என்றால், மறுகரை ஈப்போ! இன்று அதைக் கண்ணால் பார்க்க முடியாது. பாதி நிலத்துக்கு அடியிலும் பாதி கடலுக்கு அடியிலுமாக, சுண்ணாம்புப் பாறைக்குக் கீழே புதைந்து கிடக்கிறது.

2016-இல் ஓர் அனைத்துலக ஆய்வுக்குழு அங்கே கடலடியைத் துளையிட்டு, 1,300 மீட்டருக்கும் கீழே சென்று, பாறையை உருளை உருளையாக வெளியே எடுத்தது. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஷான் கலிக், லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஜோவன்னா மோர்கன் இருவரும் தலைமை தாங்கினார்கள்.

அந்த உருளைகளில் அடியில் உருகி உறைந்த பாறை. அதன்மேல் நொறுங்கிய கற்கள். மேலே போகப் போக மணல்போல் பொடிசு. மோதிய இடத்திலேயே உண்டானவையும், மோதலுக்குப் பின் பள்ளத்துக்குள் பாய்ந்த கடல்நீர் கொண்டுவந்து கொட்டியவையும் இவை. மொத்தம் சுமார் 130 மீட்டர், அதாவது 40 மாடிக் கட்டட உயரம். இத்தனையும் ஒரே நாளில் படிந்தவை என்று 2019-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். ஆழ்கடலில் ஒரு சென்டிமீட்டர் படியவே சாதாரணமாகப் பல நூறு ஆண்டுகள் ஆகும். மேலடுக்கில் மரக்கரித் துணுக்குகளும் இருந்தன. கரையோரக் காடுகள் எரிந்திருக்கின்றன. திரும்பி வந்த சுனாமி அந்தக் கரியை வாரி வந்திருக்கிறது.

இருந்தவற்றைவிட என்னை வியக்க வைத்தது, இல்லாமல் போன ஒன்று: கந்தகம். அந்த வட்டாரப் பாறைகளில் கந்தகம் ஏராளம். பள்ளத்து வண்டலிலோ அதைக் காணோம். மோதிய வெப்பத்தில் ஆவியாகி வானுக்குப் போய், நுண்துளிகளாகி, தூசியோடும் புகைக்கரியோடும் சேர்ந்து சூரியனை மறைத்துவிட்டது. புகைமூட்டக் காலத்தில் நண்பகலிலும் மங்கித் தெரியும் சூரியனை நாம் பார்த்திருக்கிறோம். அதைப் பல மடங்காக்கி, உலகம் முழுவதற்கும், ஆண்டுக்கணக்கில் நீட்டிப் பாருங்கள். குளிரும் இருட்டும் செடிகளை வாட்டின. செடியைத் தின்றவை பட்டினியில் மடிந்தன. அவற்றைத் தின்றவையும் மடிந்தன. உயிரின வகைகளில் முக்கால்வாசி அழிந்தது இப்படித்தான்.

கதை அதோடு முடியவில்லை. அந்த 130 மீட்டருக்கு மேலே, முக்கால் மீட்டர் அளவில் பழுப்பு நிற அடுக்கு ஒன்று இருக்கிறது. அதில் சிற்றுயிர்கள் துளைத்துச் சென்ற தடங்கள் தெரிகின்றன. மோதிய இடத்திலேயே சில ஆண்டுகளுக்குள் உயிர் திரும்பியிருக்கிறது. 30,000 ஆண்டுகளுக்குள் அந்தக் கடல் செழித்துவிட்டது என்கிறது 2018-இல் வெளியான ஆய்வு.

பூமி மீண்டுவிடும் என்பது ஆறுதல்தான். ஆனால், மீண்டு வந்த உலகத்தில் பறவைகளாகத் தப்பியவை தவிர வேறு டைனோசர் இல்லை. காற்றில் எதைக் கலக்கிறோம் என்பதைக் கவனிக்க நமக்கு அந்த ஒரு காரணம் போதும்.