பழைய டிவி கேமுக்குப் புது கம்ப்யூட்டர் எதற்கு?



நம்ம பெரம்பலூர், அரியலூர் பக்கம் பல வீட்டுப் பரணில் ஒரு டிவி கேம் பெட்டி கிடக்கும். மஞ்சள் கேசட்டைச் சொருகி, படம் வரவில்லை என்றால் ஊதி ஊதிச் சொருகி, மாமா, சித்தப்பா எல்லாம் மரியோ விளையாடிய பெட்டி. எங்கள் மாமாவின் பெட்டி போன கோடை லீவில் கெட்டுப்போச்சு. தம்பி ஒரே அழுகை. "கம்ப்யூட்டரிலேயே அந்த கேமை ஓட்டலாம்டா" என்று மாமா சொன்னார். அதற்காக நான் செய்த தப்பையும், பிறகு கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டுக் காசாவது மிஞ்சட்டும்!

நான் செய்த தப்பு

அக்காவின் படிப்புக்காக வாங்கிய பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. ஒரு கடையில் போய்க் கேட்டேன். "கேம்னா கிராபிக்ஸ் கார்டு கட்டாயம் வேணும் தம்பி" என்றார்கள். லீவில் அம்மாவும் நானும் சின்ன வெங்காயத்துக்குத் தாள் அரிந்து சேர்த்த காசில் 3,500 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன். வீட்டில் வந்து பார்த்தால், பெட்டி ஒல்லி. கார்டு உள்ளேயே போகவில்லை. அதற்குக் கரண்ட் கொடுக்கும் வயரும் இல்லை. திருப்பிக் கொடுக்கப் போனால், "வித்த பொருளை வாங்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டார்கள். அம்மா ஒன்றுமே சொல்லவில்லை. அதுதான் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு.

பிறகு கம்ப்யூட்டர் சாரிடம் கேட்டேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "நீ எந்த கேம் விளையாடப் போற?" இதை நான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும்.

எமுலேட்டர் என்றால் என்ன?

பழைய கேம், அந்தப் பழைய பெட்டியின் மொழியில் எழுதப்பட்டது. நம் கம்ப்யூட்டருக்கு அந்த மொழி தெரியாது. நடுவில் நின்று ஒவ்வொரு கட்டளையையும் மொழிபெயர்த்துச் சொல்லும் மென்பொருள்தான் எமுலேட்டர். மொழிபெயர்ப்பாளர் இருந்தால் பேச்சு நீளும் அல்லவா? அதுபோலத்தான், பழைய பெட்டி ஒரே எட்டில் செய்த வேலைக்கு நம் கம்ப்யூட்டர் பல எட்டு வைக்க வேண்டும். அதுவும் நொடிக்கு 60 படம் தவறாமல் வர வேண்டும். அதனால் பழைய பெட்டியை விட நம் கம்ப்யூட்டர் பல மடங்கு வேகமாக இருக்க வேண்டும். எத்தனை மடங்கு? கணக்கைப் பாருங்கள்.

1. நின்டெண்டோ ஃபேமிகாம் (ஜப்பான், 1983). நம்ம ஊர் மஞ்சள் கேசட் பெட்டிகள் எல்லாம் இதன் நகல்தான். வேகம் நொடிக்குச் சுமார் 17 லட்சத்து 90 ஆயிரம் துடிப்பு. ரேம் 2 கிலோபைட்!
2. பிளேஸ்டேஷன் (1994). சுமார் 3 கோடியே 38 லட்சம் துடிப்பு. ரேம் 2 மெகாபைட்.
3. பிளேஸ்டேஷன் 2 (2000). சுமார் 29 கோடியே 50 லட்சம் துடிப்பு. ரேம் 32 மெகாபைட். உள்ளே பல சிப்புகள் ஒரே நேரத்தில் வேலை செய்யும்.

3 கிகாஹெர்ட்ஸ் கம்ப்யூட்டர் என்றால் நொடிக்கு 300 கோடி துடிப்பு. ஆக, முதல் இரண்டுக்கும் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரே தாராளம். மூன்றாவதுக்குத்தான் நல்ல பிராசசரும் கொஞ்சம் கிராபிக்ஸும் வேண்டும்.

எதைப் பார்த்து வாங்குவது?

பிராசசர்: "ஐ5 இருக்கு" என்று சொன்னால் ஏமாறாதீர்கள். அதன் பக்கத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள். ஐ5-4570 என்றால் 4-ஆம் தலைமுறை, 2013-இல் வந்தது. ஐ5-10400 என்றால் 10-ஆம் தலைமுறை. எமுலேட்டருக்குக் கோர் எண்ணிக்கையை விட, ஒவ்வொரு கோரும் எவ்வளவு வேகம் என்பதே முக்கியம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி கேட்பது இன்டெல்லில் 8-ஆம் தலைமுறை முதல். எனவே அதற்கு முந்தைய ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பலர் கழித்துவிடுகிறார்கள். நாம் அதில் லினக்ஸ் போட்டு ஓட்டலாம்.

ரேம்: 8 ஜிபி போதும். தனி கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் 8 ஜிபி ஒன்றை விட 4 ஜிபி இரண்டு போடுவது நல்லது. ஏனென்றால் படத்துக்கும் அதே ரேம்தான். இரண்டு வழியில் டேட்டா போனால் வேகம்.

உங்கள் அண்ணன், அக்காவுக்கு 2011-க்குப் பிறகு அரசு கொடுத்த இலவச லேப்டாப் வீட்டில் இருந்தால், செலவே இல்லாமல் முதலில் அதில் ஃபேமிகாம் கேமை ஓட்டிப் பாருங்கள்.

டிவியில் மாட்டுவது எப்படி?

புது டிவி என்றால் ஹெச்.டி.எம்.ஐ வயர் ஒன்று போதும். டிவி செட்டிங்கில் "கேம் மோட்" போடுங்கள். இல்லாவிட்டால் பட்டனை அமுக்கிக் கொஞ்சம் கழித்துத்தான் மரியோ குதிப்பார்! கம்ப்யூட்டரில் வி.ஜி.ஏ மட்டும் இருந்தால் அதில் சத்தம் வராது. சத்தத்துக்குத் தனி வயர் வேண்டும்.

எங்கள் வீட்டில் இருப்பது 2006-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் கிடைத்த 14 இன்ச் கலர் டிவி. அதில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஓட்டைதான். ஒரு முனையில் ஹெச்.டி.எம்.ஐ, மறுமுனையில் மூன்று கலர் பின் உள்ள வெறும் வயர் விற்கிறார்கள். அதை வாங்காதீர்கள், வேலை செய்யாது! யு.எஸ்.பி-யில் கரண்ட் வாங்கி, சிக்னலை மாற்றிக் கொடுக்கும் சின்னப் பெட்டிதான் வேண்டும்.

இன்னொன்று, சுண்ணாம்புக்கல் லாரி ஓடும் ரோட்டோரம் வீடா? கம்ப்யூட்டர் ஃபேனில் தூசி அடைத்தால் சூடாகி வேகம் குறையும். கரண்டை எடுத்துவிட்டு பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

உங்களுக்குத் தெரியுமா?

1985-இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் கேம் முழுவதும் வெறும் 40 கிலோபைட். செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோ அதை விடப் பல மடங்கு பெரிசு!

இது சரியா, தப்பா?

எமுலேட்டர் செய்வது தப்பில்லை. அமெரிக்காவில் கனெக்டிக்ஸ் என்ற நிறுவனம் பிளேஸ்டேஷன் எமுலேட்டர் செய்தபோது சோனி வழக்குப் போட்டது. 2000-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் அடுத்தவர் கேமை அனுமதி இல்லாமல் காப்பி எடுப்பது நம் நாட்டின் 1957 காப்புரிமைச் சட்டப்படி குற்றம். ஆர்வலர்கள் தாங்களே எழுதி இலவசமாகக் கொடுக்கும் கேம்கள் நிறைய உண்டு. சார் காட்டியது அதைத்தான்.

இப்போது அக்காவின் அதே கம்ப்யூட்டர், அதே பழைய டிவி. வாங்கியது ஒரு கன்வெர்ட்டர் பெட்டி, ஒரு யு.எஸ்.பி கைப்பிடி, அவ்ளோதான். "மரியோ இல்லையே" என்று முதலில் முகத்தைத் தூக்கிய தம்பி, பத்து நிமிஷத்தில் சாப்பிடக்கூட எழுந்து வரவில்லை. அந்த 3,500 ரூபாய் கார்டு மட்டும் பீரோ மேல் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் வெங்காய வாசம் வருகிற மாதிரி இருக்கும்.

நினைவில் வையுங்கள் நண்பர்களே: முதலில் கேம், அப்புறம் கம்ப்யூட்டர், கடைசியில்தான் கடை!



– 11-ஆம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு மாணவன்